நினிவே நகரும் இறைவன் தீர்ப்பும்

இறைவன்பால் நடுவுநிலைமை, அருள் என்னும் இரண்டும் உள என்பது கடவுட்கொள்கை உடையார் பலர்க்கும் ஒப்ப முடிந்ததாகும். தீவினை செய்தான் அதன் பயனை நுகர்தல் நடுவுநிலைமை; அவனை அத்துன்பத்தினின்றும் எடுத்தல் அருள். ஒறுப்பின் அருளிலன் ஆவான், ஒறாது விடின் முறையிலன் ஆவான். இவ்விரண்டும் ஒருவன்கண் ஒருங்கு நிற்குமாறு யாங்ஙனம் என்னும் ஐயம் எச்சமயத்தார்க்கும் எழுவதே. கிறித்தவர்தம் திருநூலாகிய விவிலியம் இவ்வையத்தை எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்பதை, அதன்கண் அடங்கிய சிறுநூல் ஒன்றைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். பிறர் மறையை ஆராயுங்கால் அது கூறுவதை அது கூறுமாறே கேட்டுப் பின் எண்ணுதல் அறிஞர்க்கு முறையாம்.

அச்சிறுநூல் பழைய ஏற்பாட்டில் யோனா என்னும் தீர்க்கதரிசியின் பெயரால் வழங்குவது. நான்கே அதிகாரங்களை உடையது. அசீரிய நாட்டு மாநகராகிய நினிவேக்குச் சென்று அதன் தீமைக்கு எதிராக முழங்குமாறு இறைவன் யோனாவைப் பணிக்கின்றான். யோனாவோ கிழக்கே உள்ள அந்நகரை நோக்காது, யோப்பாத் துறையிற் கலமேறி மேற்றிசைத் தர்சீசுக்கு ஓடுகின்றான். கடல் கொந்தளிக்க, மாலுமிகள் சீட்டிட்டு அவனைக் கடலில் எறிகின்றனர். பெருமீன் ஒன்று விழுங்கி, மூன்று நாள் கழித்துக் கரையிற் கக்குகின்றது. இம்மீன் கதையே உலகிற் பெரிதும் பரவியது. ஆயின் நூலின் உயிர் பின்னர் நிகழ்வதன்கண்ணே உள்ளது.

மீண்டும் பணிக்கப்பட்ட யோனா நினிவேயுட் புகுந்து, நாற்பது நாளில் அந்நகர் கவிழ்க்கப்படும் எனச் சாற்றினான். மனந்திரும்பினாற் பிழைக்கலாம் என ஒரு சொல்லும் அவன் கூறினானாக நூலிற் காணோம். எனினும் பெரியோர் முதற் சிறியோர் ஈறாக அனைவரும் நோன்பு கொண்டனர். அரசன் அரியணை விட்டிழிந்து சாம்பலில் அமர்ந்தான். ஆடுமாடுகளும் உணவொழிந்து இரட்டுப் போர்த்தன. அவர் தீநெறி விட்டமை கண்ட இறைவன், கூறிய தீங்கைச் செய்யாது விட்டான். யோனாவோ கடுஞ்சினங் கொண்டான். இறைவன் இரக்கமுடையான் என்பதைத் தான் முன்னரே அறிந்திருந்தமையும், அவ்வறிவே தன்னை ஓடச் செய்தமையும் கூறி, இனிச் சாவே நன்று என முறையிட்டான். இறைவன் சினத்துக்கு அஞ்சி ஓடினார் பலர். இவன் ஓடியது அவன் அருளுக்கு அஞ்சி.

இதுகொண்டு யோனாவை அற்பன் என இகழ்தல் முறையன்று. கி.மு. 722 அளவில் இசுரவேலரின் வடநாட்டை வீழ்த்தி, அதன் மக்களைப் பிறநாடுகளுக்குப் பெயர்த்தவர் அசீரியரே. தாம் செய்த கொடுமைகளை அவ்வரசர் தம் அரண்மனைச் சுவர்களிற் செதுக்கி மகிழ்ந்தனர். நினிவே அரண்மனையினின்று எடுத்த இலாகீசு முற்றுகைச் சிற்பங்கள் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அந்நகர் கி.மு. 612-இல் வீழ்ந்தது, அவ்வீழ்ச்சியையே பொருளாகக் கொண்ட நாகூமின் நூலும் அதே விவிலியத்தில் உளது. இத்துணைக் கொடியோர் சின்னாள் நோன்பால் உய்வரெனின், அவராற் கொலையுண்டார்க்கு முறைசெய்வார் யார்? யோனாவின் சினத்துள் இவ்வினா அடங்கிக் கிடக்கின்றது. இது புறக்கணிக்கத் தக்கதன்று.

இறைவன் இதற்கு அளித்த விடை யாது? நகர்க்குக் கிழக்கே குடிலமைத்து, அதற்கு யாது நிகழும் எனப் பார்த்திருந்த யோனாவுக்கு நிழலாக ஒரு செடியை முளைப்பித்தான். யோனா மகிழ்ந்தான். மறுநாள் விடியலிற் புழுவொன்று அரிக்கச் செடி பட்டது. வெயிலும் வெங்காற்றும் வருத்த யோனா மீளவும் சாவை வேண்டினான். அப்பொழுது இறைவன், தான் நடாததும் வளர்க்காததுமாகிய ஒரு செடிக்கு அவன் இரங்குங்கால், வலக்கை இடக்கை வேறுபாடறியாத 1,20,000 மக்களும் பல விலங்குகளும் வாழும் அந்நகர்க்குத் தான் இரங்கலாகாதோ என வினவுகின்றான். நூல் அவ்வினாவோடே முடிகின்றது. யோனா கூறிய விடை எழுதப்படவில்லை. அது படிப்பார்பால் விடப்பட்டது. யூதர் தம் பாவநிவாரணப் பெருநாட் பிற்பகலில் இந்நூலை ஓதுகின்றனர். சிரியத் திருச்சபையார் நினிவேயின் பெயரால் மூன்று நாள் நோன்பு காக்கின்றனர். மலையாள நாட்டுச் சிரியக் கிறித்தவரிடத்தும் அவ்வழக்கம் உண்டு.

அற்றேல், சாற்றிய தீர்ப்புப் பொய்த்ததன்றோ எனின், அன்று. கவிழ்த்தல் எனப்பட்ட எபிரேயச் சொல் அழிவையும் குறிக்கும். முற்றும் மாறுதலையும் குறிக்கும். நகர் இடிந்து கவிழ்ந்திலது; நெஞ்சு மாறிக் கவிழ்ந்தது. தீமையை ஒழித்தலே தீர்ப்பின் பயன். தீமை ஒழிந்தவிடத்து அத்தீர்ப்பு நிறைவேறிற்றேயாம். நாற்பது நாள் என எல்லை குறித்ததே அருளுக்கு இடம் வைத்தவாறு என்க.

இனிப் புதிய ஏற்பாட்டை நோக்குவாம். மத்தேயு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பில் நினிவே மக்கள் எழுந்து, தம் சொற்கேளாதாரைக் குற்றஞ்சாட்டுவர் என இயேசுநாதர் கூறுகின்றார். ஒருகாற் குற்றவாளிகளாய் நின்றாரே ஈண்டுச் சான்றாவர். 25-ஆம் அதிகாரத்திலோ, பசித்தார், விடாய்த்தார், அயலார், உடையற்றார், நோயுற்றார், சிறைப்பட்டார் ஆகிய எளியோர்க்குச் செய்ததும் செய்யாது விட்டதும் தமக்கே உரியன என நடுவராய அரசர் மொழிகின்றார். நல்லாரும் தீயாரும் அதனை முன் அறிந்திலர். கொலையுண்டார்க்கு முறைசெய்வார் யார் என்ற வினாவுக்கு இதன்கண் விடை காணலாம். துன்புற்றார் மறக்கப்பட்டிலர், நடுவரே அவரோடு ஒருவராய் நிற்கின்றார்.

ஆயினும் அவ்வதிகாரம் முடிவில் தீயார்க்கு முடிவிலாத் தண்டம் உண்டு என்கின்றது. ஈண்டே பெருந்தடை எழுகின்றது. செடியைக் காட்டி இரங்கியவன் முடிவின்றி ஒறுப்பனோ? கிறித்தவப் பேராசிரியரே இதில் வேறுபட்டனர். வாழ்வுக்கும் தண்டத்துக்கும் ஒரே அடைமொழி வருதலின், இரண்டும் ஒப்ப முடிவிலவே என அகஸ்தீன் வாதித்தார். மேலைத் திருச்சபையிற் பெரிதும் நிலைத்தது அவர் கொள்கையே. அவர்க்கு முற்பட்ட ஓரிகன், ஒறுப்பு மருத்துவம் போல்வது, உயிர்கள் இறுதியில் இறைவனை அடையும் என எண்ணினார். ஏழாம் நூற்றாண்டில், சின்னாள் நினிவேக்கே ஆயராயிருந்து, அப்பதவியைத் துறந்து தனிமை நாடிய ஈசாக்கு என்னும் துறவி, நரகில் உள்ளாரை வருத்துவதும் இறைவன் அன்பே என்றார். அன்புக்குப் பிழைத்தோம் என்னும் நோவே அவ்வேதனை என்பது அவர் கருத்து. 2024-இல் உரோமைத் திருச்சபையும் அவரைத் தன் தூயோர் வரிசையிற் சேர்த்தது. நம்மவர் அறக்கருணை, மறக்கருணை எனப் பகுத்து, ஒறுத்தலும் அருளே எனக் கூறுதலோடு இக்கருத்து எத்துணை அணுக்கமுடையது என்பதை அன்பர்கள் எண்ணுவாராக.

இறுதியில் எத்துணைப் பேர் உய்வர் என்பதை முடிவு கட்டுதல் நம் வேலையன்று. நாம் உறுதியாகக் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பகைவன் உய்ந்தமை கண்டு நெஞ்சு வெந்த யோனா, தன் நிழற்செடி பட்டமைக்கு மட்டும் இரங்கினான். தன் உய்தியை வேண்டிப் பிறர் கேட்டை விரும்புவான் எச்சமயத்தானாயினும், நகர்க்கு வெளியே வெயிலில் அமர்ந்திருப்பவனே ஆவான். நினிவேயார் உள்ளே உய்ந்துளர். இறைவன் வினவிக்கொண்டு நிற்கின்றான். அவ்வினாவுக்கு இசைந்து எழுந்து செல்லுதலே அவனுக்கும் உய்தியாகும்.