ஈகையா, கடனா?

உழைப்பவர் ஊதியத்தில் ஒரு பகுதியை முதுமைக்கென ஒதுக்கும் மத்திய சேமநிதி, சிங்கப்பூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கியது. தொழிலாளி ஒரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் செலுத்துவர். ஆயின், சம்பளமின்றி வீட்டிலேயே வாழ்நாளெல்லாம் உழைத்தவளுக்குச் செலுத்துவார் யார்?

கணவரோ பிள்ளைகளோ அவள் கணக்கில் பணம் நிரப்பலாம். சேமிப்புக் குறைந்த முதியோர்க்கு அவ்வாறு நிரப்பும் தொகைக்கு, 2021 முதல் அரசும் வெள்ளிக்கு வெள்ளி சேர்க்கிறது. ஆண்டுக்கு 600 வெள்ளியாக இருந்த அதன் உச்சவரம்பு 2025இல் 2,000 வெள்ளியாக உயர்ந்தது.

"அம்மாவுக்கு நான் கொடுக்கிறேன்" என்று பெருமை பேசும் மகனைக் காண்கிறோம். இங்கேதான் சிந்திக்க வேண்டும். ஈகையாயின், விரும்பும்போது கொடுக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். கடனை அவ்வாறு நிறுத்த இயலுமா? அவள் சமைத்தாள், பிள்ளைகளை வளர்த்தாள், நோயுற்றோரைப் பேணினாள். அதனாலன்றோ கணவரின் சேமநிதி மாதந்தோறும் தடையின்றி வளர்ந்தது! அவ்வளர்ச்சியில் அவளுக்கும் பங்குண்டு.

வருவாய் குறைந்த மகன் என் செய்வான் எனக் கேட்கலாம். கடன்பட்டவன் சிறுகச் சிறுகவும் அடைக்கலாம். கடனே இல்லை என்று மட்டும் சொல்லலாகாது. முதுமையில் அன்னையின் கைக்கு வரும் தொகை, காலந்தாழ்ந்து வந்த கூலியே.