பகிர்ந்ததோடு முடிந்ததா?

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி 2024 நவம்பரில் வெளியானதும், அங்குள்ள அரிட்டாபட்டியின் குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கைகளும் கைப்பேசிதோறும் வலம் வந்தன. அதே மாதத்தில் ஊரார் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களும் போட்டன. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் கூடி மதுரைக்கு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பகிர்ந்தவர் பங்கு எவ்வளவு, நடந்தவர் பங்கு எவ்வளவு என்று கூறுபோட முடியாது. படங்கள் பரவாதிருந்தால் இது மேலூரைத் தாண்டாத செய்தியாகவே கிடந்திருக்கலாம். ஆனால் இருவரும் கொடுத்த விலை ஒன்றல்ல. நடந்தவர் அன்றைய கூலியை விட்டார். போலீஸ் வழக்கும் பாய்ந்தது (பின்னர் திரும்பப் பெறப்பட்டது). பகிர்ந்தவருக்கு அரை நிமிடம். செலவில்லாமல் நல்லது செய்வதில் குற்றமில்லை. அது தரும் நிறைவுதான் சந்தேகத்துக்குரியது. நம் பங்கைச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் வந்ததும், சொந்த ஊர்க் கிராம சபை என்றைக்கு என்பதே மறந்துபோகிறது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பாதிக்கு மேல் விடுமுறை நாள்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் போதும். அதுவும் சேராமல், வருகைப் பதிவேடு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிவரும் கதை பல ஊர்களில் உண்டு. உலக அநீதிக்கெல்லாம் கொதிக்கும் படித்த பிள்ளைகள் அந்நேரம் வீட்டில்தான் இருப்பார்கள். சபைக்குப் போனால் தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார், காண்ட்ராக்ட் எடுத்த சொந்தக்காரர் என்று சங்கடமான பேச்சு. முகநூலில் பிடிக்காதவரை பிளாக் செய்யலாம், பெரியப்பாவை முடியாது.

அதற்காக எல்லோரையும் ஒரே கோலால் அளப்பதும் அநியாயம். காலனியிலிருந்து வந்தவரைப் பின்னால் நிற்கவைக்கும் சபைகள் இன்னும் இருக்கின்றன. வாய் திறக்கும் பெண்ணிடம் "வீட்டுக்காரரை அனுப்பும்மா" என்று சொல்லும் சபைகளும். இவர்களுக்கும், பிழைப்புக்குத் திருப்பூர் போனவருக்கும் கைப்பேசி ஒன்றே வாய். ஆகவே வரமுடிந்தும் வராதவர் மேல்தான் பாரம் கூடுதல்; வரமுடியாதவருக்காகவும் போக வேண்டியவர் அவர். அம்மா இருக்கும் தெருவில் சாக்கடை தேங்கும் படத்தைத் திருப்பூர்க்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், கோபப் பொம்மை போட்டு நகராமல் அதை மனுவாக எழுதிப் போய், தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கலாம். தள்ளிவிட்டால் காரணத்தையும் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அதே குழுவில் போடலாம்.