உறங்கும் உயிரும் உடுத்தும் பட்டும்

மார்கழிப் பனி இறங்கும் விடியலில், தறியோசை கேட்கும் ஆரணித் தெருக்களில் வாழும் நமக்குக் குளிர் என்பது ஒரு போர்வையோடு தீர்ந்துவிடும் துன்பமே. போர்வை இல்லாத உயிர்கள் அதனை எவ்வாறு கடக்கின்றன என்பதை ஜீவகாருண்யம் போற்றும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவற்றுக்கு வழிகள் இரண்டு. ஒன்று வலசை, மற்றொன்று உறக்கம். வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகின்றது. லடாக் மலைகளில் வாழும் மர்மோட் என்னும் அணிலினத்து விலங்கோ, வளைக்குள் புகுந்து ஏறக்குறைய ஆறு மாதம் உறங்குகின்றது. அதன் உடற்சூடு தணிகின்றது. இதயத் துடிப்பு வெகுவாகக் குறைகின்றது. கோடையில் சேர்த்த கொழுப்பே அதற்கு உணவு.

வலசை வரும் உயிர் வழியில் நம்மை நம்புகின்றது. உறங்கும் உயிர் தன்னையே காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருக்கின்றது. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் மக்கள் முதலாவதன் கடனை நன்கு உணர்ந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளை எவரும் சுடலாகாது என்று கலெக்டரிடம் உரிமை பெற்றனர். தீபாவளியன்றும் பறவைகள் அஞ்சாதிருக்க வெடியைத் தவிர்க்கின்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாகின்றது.

இரண்டாவதன் கடனை நாம் உணர்ந்தோமா?

ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒருநாள், குளிர்நாட்டுப் பட்டுப்பூச்சியின் முட்டைகள் குளிர்காலம் முழுதும் உறங்கி, முசுக்கொட்டை தளிர்க்கும் வேனிலில் பொரிவதை விளக்கினோம். நெசவாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "முட்டையைத் தூங்கவிட்டு எழுப்புறாங்களே டீச்சர், கூட்டுக்குள்ள இருக்கிறதை மட்டும் ஏன் எழுப்பறதில்லை?" என்று கேட்டாள். அன்று நாம் உடுத்தியிருந்தது பட்டு. அது பாடத்தில் இல்லை என்று கூறி அமரச் செய்தோம்.

அவள் கேட்டதில் பிழையில்லை. கூட்டினுள் இருப்பது குளிருறக்கம் அன்று. புழு அந்துப்பூச்சியாக உருமாறும் ஓய்வு. எனினும் அதுவும் காப்பற்ற நிலையே. பூச்சி வெளிவந்தால் ஏறக்குறைய 1,000 மீட்டர் நீளமுள்ள இழை அறுந்துவிடும் என்பதற்காகவே அதனை வெப்பத்தில் மாய்க்கின்றனர்.

இல்லறத்தார் சங்கல்ப ஹிம்சையை முற்றும் நீக்க வேண்டும். உழவு, தொழில், சமையல் ஆகியவற்றில் நேர்வதை இயன்ற அளவு குறைக்க வேண்டும் என்பது ஆன்றோர் வகுத்த நெறி. தறியில் அமர்பவருக்கு நெசவு வயிற்றுப்பாடு. உடுத்தும் நமக்கோ அது அலங்காரம் மட்டுமே. ஆகவே நெசவாளரைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. வினா நம்மை நோக்கியதே.

பூச்சி வெளியேறிய பின் நூற்கும் 'அகிம்சைப் பட்டு' உண்டு. ஆயினும் ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் இடும் முட்டைகள் பொரிந்தால், அத்தனைக்கும் இலை இடுவார் யார்? அதுவும் முழுவிடை ஆகாது.

புதுப்பட்டு வாங்குவதை நாம் நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. பருத்திச் சேலையைப் பேரம் பேசாமல் நெசவாளர் சொன்ன விலைக்கே வாங்குகின்றோம். நம் விரதத்தின் செலவை அவர் தலையில் சுமத்தலாகாது. பெட்டியில் உள்ள திருமணப் பட்டை மட்டும் எவருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. அச்சிறுமிக்கு அன்று சொல்லாத விடையில் பாதியை இவ்வாறு சொல்லிவிட்டோம். மீதிப் பாதியை, அடுத்த திருமணத்திற்குப் பட்டெடுக்கச் செல்லுமுன் ஒவ்வோர் இல்லத்தாரும் கூடிச் சிந்திப்போமாக.