மாணாக்கனை மதிக்கும் ஆசிரியர்

ஆசிரியரை மாணாக்கன் மதிக்க வேண்டும் என்பதை நாம் அனைவரும் இளமையிலேயே கற்றோம். ஆசிரியர் மாணாக்கனை மதிக்க வேண்டுமா என்னும் வினாவோ நம்மில் பலருக்கு எழுவதில்லை. எழுந்தாலும், 'சிறு பிள்ளைக்கு மதிப்பு எதற்கு? அன்பும் கண்டிப்பும் போதாவா?' என்று ஒதுக்கிவிடுகிறோம். போதா என்பதே நம் கருத்து. அதனை உணர்த்தியது நாம் செய்த தவறு ஒன்றே என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம் யாது? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, 50 எனக் கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "போகும்போது கூடுதல் நேரம் ஆகுமே, ஐயா! பாதி எப்படிச் சரியாகும்?" என்றான். அவன் குறைந்த மதிப்பெண் பெறுபவன். "முதலில் வாய்ப்பாட்டை ஒழுங்காகப் படி; பிறகு எனக்குக் கற்றுக்கொடுக்கலாம்" என்றோம். வகுப்பே சிரித்தது.

அன்றிரவு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஊர் 120 கிலோமீட்டர் தொலைவு எனின், செல்ல 3 மணி, திரும்ப 2 மணி. 240 கிலோமீட்டருக்கு 5 மணி, சராசரி 48. மறுநாள் விடையைத் திருத்தி எழுதினோம். ஆனால் பிழையைக் கண்டவன் அவன் என்று சொல்லவில்லை. அவ்வாண்டு முழுவதும் அவன் மீண்டும் எழுந்து வினவவே இல்லை.

அவனை நாம் அடிக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மாணவர்க்கு உடல் தண்டனை அளிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆயினும் உண்மை கூறிய சிறுவனுக்கு உரிய பெயரை மறைத்துவிடுதலை எந்தச் சட்டம் கண்டுபிடிக்கும்? உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை வந்து சேரும் காரணங்களுள் அறிந்ததை ஒளித்தலையும், அழுக்காற்றையும், பிறர் அறிவுக்கு இடையூறு செய்தலையும் எண்ணுகிறது. அன்று நாம் தடுத்தது அவன் கற்றலை. திரை விழுந்ததோ நம் அறிவின் மீதும்தான்.

அறிவே உயிரின் இயல்பு. வினை அதனை மறைக்கும் திரை என்பது நம் கோட்பாடு. அவ்வாறாயின் மாணாக்கன் நாம் நிரப்ப வேண்டிய வெறுங்குடம் அல்லன். அவனுக்குரிய மதிப்பு, அவன் மதிப்பெண் பெற்று ஈட்ட வேண்டிய பரிசும் அன்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பவணந்தி முனிவரே தம் நன்னூலில், கடை மாணாக்கரை ஓட்டைக் குடத்துக்கும் ஆட்டுக்கும் எருமைக்கும் நெய்யரிக்கும் உவமை கூறினாரே, அது மதிப்பாகுமா? அந்நூலின் வைப்புமுறையை நோக்குக. மாணாக்கரை அளக்கும் முன்பே முனிவர் ஆசிரியரை அளந்துவிடுகிறார். தானாக உதிர்த்தாலன்றி எவரையும் ஏறவிடாத மடற்பனையும், வளர்த்தவனை விட்டு அயலான் மனையில் காய் உதிர்க்கும் முடத்தெங்கும் ஆசிரியர் ஆகாதார்க்கு அவர் காட்டும் உவமைகள். பின்னர், சினமும் விரைவும் இன்றி, மலர்ந்த முகத்தோடு, கேட்போன் கொள்ளும் வகையை அறிந்து கற்பிக்க வேண்டும் என்கிறார். அதன் பிறகே மாணாக்கர் இயல்பு வருகிறது. அவ்வுவமைகள் கொள்ளும் வகையை ஆசிரியர் அறிதற்கு உரியன. பிள்ளையின் நெற்றியில் ஒட்டுதற்கு உரியன அல்ல. நாமோ அச்சிறுவனுக்கு ஓட்டைக் குடம் என்று பெயரிட்டு, நாமே மடற்பனையாய் நின்றோம்.

மதித்தல் என்பது கண்டிப்பைக் கைவிடுதல் அன்று. தவற்றைத் தவறு என்றே சொல்ல வேண்டும். ஆனால் தனியே அழைத்துச் சொல்லலாம். விடைத்தாள் தரும்போது மதிப்பெண்ணை உரக்கப் படிக்காமல் கையில் கொடுக்கலாம். பிழையான விடையைக் கண்டால், 'எவ்வழியில் இதற்கு வந்தாய்?' என்று ஒரு முறை கேட்கலாம். பெயர் சொல்லி அழைத்து, வினாவை முடிக்கும் வரை காத்திருக்கலாம். இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. மாணாக்கன் ஆசிரியரிடம் நெருங்குவதற்கு வேறு வழியும் இல்லை.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவன என்னும் சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர், சர்வார்த்தசித்தியில் ஆசிரியரையும் மாணாக்கரையும் சான்றாகக் காட்டுகிறார். கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர் என்று அவ்வுறவை அவர் பிரிக்கவில்லை. நம் குடும்பங்களில் ஆசிரியப் பணி ஏற்றோர் பலர். பெற்றோர் என்ற முறையில் நாம் அனைவருமே ஆசிரியர். இனியேனும் பிள்ளைகளிடம் இரண்டு சொற்றொடர்களைக் கூசாமல் சொல்லப் பழகுவோம். ஒன்று, 'எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்.' மற்றொன்று, அன்று நாம் சொல்லத் தவறியது: 'நீ சொன்னதே சரி.'