ஆண்டுக்கோர் விலங்கு

மனிதனுக்கு உயர்வும் தாழ்வும் அவன் பிறந்த வேளையால் வருகின்றனவா, அவன் செய்கையால் வருகின்றனவா? கீழ்த்திசை நாடுகளின் புத்தாண்டு வழக்கங்களைக் கொண்டு இதனை ஆராய்வோமாக.

சீனம், ஜப்பான், கொரியா முதலிய நாடுகளில் ஆண்டுதோறும் ஒரு விலங்கின் பெயர் வழங்குகிறது. எலி, எருது, புலி, முயல், பறவைநாகம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி எனப் பன்னிரண்டு. மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து கூறுகளும், கூறு ஒன்றுக்கு ஈராண்டு வீதம், இவற்றோடு சேர்ந்து வரும். ஆதலின் 60 ஆண்டுகளில் ஒரு சுற்று நிறைவுறும். பிறந்த ஆண்டின் விலங்கு எதுவோ, அதன் குணமே பிறந்தவர் குணம் என்பர். பகவன் புத்தர் விலங்குகளை அழைத்து, அவை வந்த வரிசைப்படி ஆண்டுகளை வழங்கினார் என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. அவர் திருப்பெயரால் வழங்கும் கதையாதலின், இதனை ஆராய்வது நம் கடமையாகும்.

புத்தாண்டு வழக்கங்கள் யாவும் தள்ளத்தக்கன அல்ல. சீனர் ஆண்டு முடியுமுன் வீட்டைத் துப்புரவாக்குவர். பட்ட கடனைத் தீர்க்க முயல்வர். தூர நகரங்களில் உழைப்போர் ஊர் திரும்பிப் பெற்றோருடன் அமர்ந்து உண்பர். ஜப்பானில் ஆண்டின் கடைசி இரவில் விகாரை மணி 108 முறை ஒலிக்கும். மனமாசுகள் 108 என எண்ணி, அவற்றைக் களைய வேண்டுமென நினைவூட்டும் ஒலி அது. இவ்வழக்கங்கள் மனிதனைத் தன் கடமைக்குத் திருப்புகின்றன. இவற்றை நாம் ஏன் பழிக்க வேண்டும்?

விலங்கு நம்பிக்கையோ வேறு வகையது. சுற்றில் ஒருமுறை வரும் தீக்குதிரை ஆண்டில் பிறந்த பெண் அடங்காதவள், கணவன் ஆயுளைக் குறைப்பவள் என்று ஜப்பானில் நம்பினர். எடோ நகரில் தீ வைத்த குற்றத்துக்காக 1683-இல் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்னும் காய்கறி வணிகர் மகள் அவ்வாண்டில் பிறந்தவள் என்ற பேச்சு இந்நம்பிக்கையை வளர்த்தது. 1906-இல் பிறந்த பெண்கள் பலருக்குத் திருமணம் தடைப்பட்டது. 1965-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் 18 இலட்சத்து 23 ஆயிரம். தீக்குதிரை ஆண்டாகிய 1966-இல் 13 இலட்சத்து 60 ஆயிரமே. 1967-இல் மறுபடியும் 19 இலட்சத்து 35 ஆயிரமாயிற்று. புகைவண்டியும் தொலைக்காட்சியும் கண்ட நாட்டில், கல்வி பரவிய காலத்தில், இது நிகழ்ந்தது. அவ்வாண்டில் பிறப்புகளோடு ஒப்பிடக் கருச்சிதைவும் மிகுந்தது. பிறவாத சிசு செய்த குற்றம் யாது?

இன்னுமொன்று கேட்போம். சீனத்தில் முயலாண்டு எனப்படுவது வியட்நாமில் பூனையாண்டு எனப்படுகிறது. ஒரே நாளில் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் பிறந்த இரு குழந்தைகளில் ஒன்று முயலாகவும் மற்றொன்று பூனையாகவும் வளருமோ? பறவைநாக ஆண்டு நல்லதென எண்ணித் தைவானிலும் சிங்கப்பூரிலும் பலர் அவ்வாண்டில் மகப்பேற்றை நாடினர். அதனால் அவ்வாண்டுப் பிள்ளைகள் பள்ளி இடத்துக்கும் வேலைக்கும் பெருங்கூட்டத்தில் போட்டியிட நேர்கிறது. ஆகவே தீதென்ற ஆண்டில் தீமை செய்வதும், நன்றென்ற ஆண்டில் இடர் விளைப்பதும் மனிதரின் நம்பிக்கையேயன்றி விலங்கு அன்று.

நாள் பார்ப்போரைப் பற்றி ஜாதகக் கதையொன்று உண்டு. நகரத்தார் சிலர் சிற்றூரில் பெண் பேசி நாளும் குறித்தனர். முன்னரே தன்னைக் கேளாத சினத்தால் அவர்தம் துறவியொருவன், அன்று நட்சத்திரம் தீது என்றான். அவர்கள் போகவில்லை. பெண் வீட்டார் அன்றே அவளை வேறொருவனுக்கு மணமுடித்தனர். யாம் ஆலையில் பல்லாண்டு தறி பார்த்தவராதலின் இதன் பொருள் எமக்குத் தெளிவு. இழை அறுந்தால் அக்கணமே முடிய வேண்டும். நல்ல வேளைக்குக் காத்திருப்பவன் துணியைக் கெடுப்பான்.

கோள்களைக் கொண்டு பலன் கூறிப் பிழைப்பதைப் பகவர் தம் பிக்குகளுக்கு விலக்கினார். பிறப்பால் எவனும் இழிந்தவனல்லன், செய்கையாலேயே இழிகிறான் என்றும் போதித்தார். பிறப்பைக் காட்டி ஒருவரைத் தாழ்த்தும் சொல் எத்துணைக் கொடியதென்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அக்கொடுமையைச் சாதியின் பெயரால் செய்தால் என்ன, குதிரையின் பெயரால் செய்தால் என்ன?

2026-ஆம் ஆண்டும் தீக்குதிரை ஆண்டே. அதில் பிறக்கும் பெண்மகவு எந்நாட்டதாயினும் அதன்மீது குறையொன்றும் இல்லை. வீட்டைத் துப்புரவாக்குங்கள், கடனைத் தீருங்கள், மனமாசை எண்ணிக் களையுங்கள். குழந்தையின் காலில் மட்டும் விலங்கு பூட்டாதீர்கள்.