திரைச்சீலைக்குப் பின்னால்

கள்வர் கூடும் மதுக்கடை என்றதும் இருட்டும் சங்கேத மொழியும்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. 1598இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்து ஈஸ்ட்சீப் கடையில் இருட்டைவிடச் சிரிப்புதான் அதிகம். 300 மார்க் வழிப்பறியைத் தேடி ஷெரீஃப் வந்து நிற்கிறார். ஃபால்ஸ்டாஃப் திரைச்சீலைக்குப் பின்னால் தூங்குகிறான். அவன் இங்கில்லை என்று பொய் சொல்பவன் பட்டத்து இளவரசன் ஹால். ஷெரீஃப் பேசாமல் போய்விடுகிறார்.

இந்தப் பொய்யை நட்பின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. களவுப் பணத்தை அவன் திருப்பிக் கொடுத்துவிடுகிறான், சரி. ஆனால் இந்தச் சகவாசத்தை ஒருநாள் உதறப்போவதைத் தொடக்கத்திலேயே தனிமொழியில் திட்டமிட்டு வைத்திருப்பவன் அவன். கள்வர்களை ஊரே அறியும். கடை ஒளித்து வைத்திருந்த ஆள் இளவரசன்தான். இடம் கொடுத்தவர்களுக்கு ஒளிந்திருந்தவன் எவ்வளவு கடன்பட்டவன்?

கடைக்காரி குவிக்லியை எளிதில் மறந்துவிடுகிறோம். ஃபால்ஸ்டாஃப் தின்றதும் குடித்ததும் அவளுக்கு வராத பாக்கி. இரண்டாம் பாகத்தின் இறுதியில், ஹால் அரசனான பின், சேவகர்கள் அவளையும் டால் டேர்ஷீட்டையும் இழுத்துப் போகிறார்கள். யாரோ ஒருவன் அடிபட்டுச் செத்தானாம். அவர்களுக்காகப் பொய் சொல்ல யாரும் வரவில்லை. அடுத்த காட்சி முடிசூட்டு ஊர்வலம்.