எந்தப் பதிவேட்டின் கணக்கு?

கைத்தொலைபேசியும் இணையமும் வந்த பிறகுதான் வன்னியில் களவும் காவாலித்தனமும் கூடின, இயக்கத்தின் காலத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று கிளிநொச்சிப் பக்கம் பலர் சொல்லக் கேட்கிறோம். இதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆயினும் குற்றம் குறைவாக இருந்தது என்பது யாருடைய பதிவேட்டைப் பார்த்துச் சொல்லப்படுகிறது?

1991 இல் தொடங்கிய புலிகளின் காவல்துறை சைக்கிள் களவுக்கும் கசிப்புக்கும் தண்டனை வாங்கிக் கொடுத்தது. அதற்கு முந்திய ஆண்டு, 1990 ஒக்டோபரில், முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி உட்பட வடபுலத்திலிருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியிருந்தனர். வீடு, வயல், மாடு, நகை எல்லாம் போயின. எடுத்தவர்களே ஆட்சியாளராகவும் இருந்ததால் அது களவென்று எழுதப்படவில்லை. பின்னர் பெற்றோரின் கையிலிருந்து பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துச் சென்றதும் அப்படித்தான். மின்சாரமே அரிதாயிருந்த வன்னியில் இணையத்தைப் பற்றிப் பேசுவானேன்! யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்ற ஒலிபெருக்கியே போதுமாக இருந்தது.

இதனால் இணையம் நிரபராதி என்றாகிவிடாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பரவிய பொய்யும், மார்ச்சில் திகன எரிந்ததும் நாம் அறிந்தவை. மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக்கை முடக்கியபோது கடைகள் ஏற்கெனவே சாம்பலாகியிருந்தன. தன் பங்குக்காக அந்நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. 1915 கலவரத்துக்கு இணையம் தேவைப்படவில்லைதான். ஆனால் அன்று வதந்தி ஊர் விட்டு ஊர் போக நேரம் எடுத்தது. இடையில் ஒரு மௌலவியோ ஹாமதுருவோ குறுக்கே நிற்க இயலும். செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூறா அல்ஹுஜுறாத் பணிப்பது அந்த இடைவெளியைத்தான் வேண்டி நிற்கிறது. ஒரு விரல் தட்டலில் அதை இல்லாமல் செய்கிறவன் தீப்பந்தம் ஏந்தாவிட்டாலும் பொறுப்பாளியே.

பதிவேட்டைக் கையில் வைத்திருப்போர் அவனைத் தேடுகிறார்களா என்பது வேறு கதை. 2020 ஏப்ரலில் பேஸ்புக் பதிவொன்றுக்காகக் கைதான றம்ஸி ராசிக் ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பில் இருந்தார். முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்பதே அவர் எழுதியதன் சாரம். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்ணீரூற்றிலிருந்து மக்களை விரட்டியதற்காக இதுவரை எவரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை.